முதல் வாரத்தின் பேச்சும் இறுதித் தேர்வின் வாசகமும்: ஹார்வர்ட் ‘கவர்ன்மென்ட் 1310’ குறித்த நிகழ்வு ஆய்வு

2012 ஆகஸ்ட் 30 அன்று, புதிய கல்வியாண்டின் வகுப்புகள் தொடங்கச் சில நாள்களே இருந்தபோது, அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அந்த ஆண்டின் வசந்தகால செமஸ்டரில் நடந்த ஓர் இளநிலைப் பாடத்தின் இறுதித் தேர்வில், வகுப்பின் ஏறத்தாழப் பாதிப்பேர் கூட்டாகச் சேர்ந்து விடை எழுதியிருக்கலாம், அல்லது ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்ற சந்தேகத்தின்பேரில் விசாரணை நடந்துவருகிறது என்பதே அதன் சாரம். பாடத்தின் பெயரை நிர்வாகம் சொல்லவில்லை. அது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசைப் பற்றிய அறிமுகப் பாடமான ‘கவர்ன்மென்ட் 1310’ என்று மாணவர் நாளிதழான ‘ஹார்வர்ட் கிரிம்சன்’ உடனே எழுதிவிட்டது. பதிவு செய்திருந்த 279 மாணவர்களில் ஏறத்தாழ 125 பேரின் விடைத்தாள்கள் சந்தேகத்துக்கு உள்ளாகியிருந்தன.

அந்நாளில் இந்த விவகாரம் பெரும்பாலும் மாணவர் ஒழுக்கம் குறித்த பேச்சாகவே இருந்தது. உலகின் மிகப் பெயர்பெற்ற கல்லூரி ஒன்றில் இத்தனை பேர் காப்பி அடித்தார்களா என்ற வியப்பு, அவர்களை அப்படி ஆக்கியது எது என்ற ஆராய்ச்சி, பிறகு தண்டனை குறித்த வாதம் என்று அது நகர்ந்தது. இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அதற்கு முந்தைய ஒரு கேள்வியை. ஆசிரியர் மாணவரிடமிருந்து எதை எதிர்பார்க்கிறார், மாணவர் ஆசிரியரிடமிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்பது அந்தப் பாடத்தின் தொடக்கத்தில் எப்படி நிலைபெற்றது, பின்னர் அது எந்த இடத்தில் மாறியது, மாறியதை யார் யாருக்குச் சொன்னார்கள்? ஒரு பாடத்தின் முதல் சில வாரங்களில் ஆசிரியர் சொல்வது, மதிப்பெண் இடும் விதம், கண்டும் காணாமல் விடுவது ஆகிய எல்லாமும் சேர்ந்துதான் அந்த எதிர்பார்ப்பை உருவாக்குகின்றன. அப்படி உருவானதை இறுதித் தேர்வுத் தாளில் அச்சிட்ட ஒரு வரியால் திரும்பப் பெற்றுவிட முடியாது என்பதே இந்த நிகழ்விலிருந்து நான் வந்தடைந்த முடிவு.

பாடம் தொடங்கிய விதம்

தமிழக வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த, தன்னாட்சி பெறாத ஒரு கல்லூரியில் பாடத்திட்டத்தை வகுப்பதும் செமஸ்டர் தேர்வுக்கு வினாத்தாள் தருவதும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. வகுப்பெடுப்பவர் தன் விருப்பப்படி தேர்வு விதியை மாற்ற வழியில்லை. ஹார்வர்டில் அப்படியன்று. எதைப் படிக்க வேண்டும், எத்தனை தேர்வுகள், அவற்றை எங்கே எப்படி எழுதுவது, சக மாணவரோடு எந்த அளவுக்குச் சேர்ந்து உழைக்கலாம் என்ற எல்லாவற்றையும் அந்தந்தப் பாடத்தின் ஆசிரியரே முடிவு செய்து, பாட அறிமுகத் தாளில் எழுதித் தருகிறார். ஒரே மாணவர் ஒரே செமஸ்டரில் நான்கு பாடங்கள் எடுத்தால், நான்கு வெவ்வேறு விதித் தொகுப்புகளின் கீழ் அவர் வாழ வேண்டியிருக்கிறது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் ஹார்வர்டில் செமஸ்டரின் முதல் வாரம், மாணவர்கள் பல வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எவற்றில் பதிவு செய்வது என்று முடிவெடுக்கும் வாரமாக இருந்தது. முந்தைய ஆண்டு மாணவர்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் கொடுத்த மதிப்பீடுகளும் கருத்துகளும் அவர்களுடைய பார்வைக்குக் கிடைத்தன. ஆகவே ஆசிரியர் வாய் திறக்கும் முன்பே பாதி எதிர்பார்ப்பு மூத்த மாணவர்களால் உருவாகிவிடுகிறது. மீதிப் பாதி, அந்த முதல் வாரத்தில் ஆசிரியர் தன் பாடத்தை எப்படி அறிமுகப்படுத்துகிறார் என்பதிலிருந்து வருகிறது.

‘கவர்ன்மென்ட் 1310’ எளிதான பாடம் என்று பெயர் பெற்றிருந்தது. விரிவுரைக்கு வருவது கட்டாயமில்லை. உதவியாளர்கள் நடத்தும் சிறுகுழு வகுப்புகளும் அப்படியே. வகுப்பறையில் உட்கார்ந்து எழுதும் தேர்வு கிடையாது, வீட்டுக்கு எடுத்துச் சென்று எழுதித் தரும் தேர்வுகளே மதிப்பெண்ணைத் தீர்மானித்தன. சென்ற ஆண்டு 120 பேருக்கு ‘ஏ’ கொடுத்தேன், இந்த ஆண்டும் இன்னொரு 120 பேருக்குக் கொடுப்பேன் என்று பாடத்தை நடத்திய உதவிப் பேராசிரியர் தொடக்கத்திலேயே சொன்னதாக மாணவர்கள் நினைவுகூர்ந்ததைச் செய்திகள் பதிவு செய்தன. அவர் எந்தத் தொனியில் அதைச் சொன்னார் என்பது அந்த அறையில் இருந்தவர்களுக்கே தெரியும்; வகுப்பின் இறுக்கத்தைத் தளர்த்தச் சொன்ன வேடிக்கையாகக்கூட அது இருந்திருக்கலாம். ஆனால் எந்தப் பாடத்தில் பதிவு செய்வது என்று தீர்மானிக்க வந்து உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு அது ஒரு வாக்குறுதியாகவே காதில் விழும். எழுதித் தரப்பட்ட அறிமுகத் தாளைவிட அந்த ஒரு வாக்கியம் அதிக நாள் நினைவில் நின்றது என்பதில் வியப்பில்லை.

அந்த வாக்குறுதியின் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். வகுப்புக்கு வருவது கட்டாயமில்லை என்றால், வந்தவர் எடுத்த குறிப்புகள் வராதவருக்குப் போய்ச் சேரும், அது இயற்கை. நண்பர்கள் குறிப்புகளைத் தங்களுக்குள் பங்கு போட்டு எடுத்து, ஒன்றாகத் தொகுத்துப் பகிர்ந்துகொள்வது அந்தப் பாடத்தில் வழக்கமாகிவிட்டது. இதை யாரும் தவறென்று சொன்னதாகத் தெரியவில்லை. செமஸ்டர் முழுவதும் சேர்ந்து படிப்பதே இயல்பு என்ற சூழலில் இருந்தவர்கள்தான் கடைசித் தேர்வை மட்டும் தனியாக எழுத வேண்டியவர்களானார்கள்.

இத்தனைக்கும் நடுவே, அந்த ஆண்டுத் தேர்வுகள் முந்தைய ஆண்டுகளைவிடக் கடினமாகவும் குழப்பமாகவும் இருந்ததாக மாணவர்கள் முறையிட்டார்கள். பாடத்தைக் கடினமாக்குவது ஆசிரியரின் உரிமை. எளிய பாடம் என்ற பெயரைப் போக்கிக்கொள்ள நினைத்தால் அது பாராட்டுக்கும் உரியது. ஆனால் தொடக்கத்தில் அறிவித்த தளர்வான ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு தேர்வை மட்டும் இறுக்கினால், மாணவர் தனக்குத் தெரிந்த பழைய வழியிலேயே புதிய கடினத்தைச் சமாளிக்கப் பார்ப்பார். அந்தப் பழைய வழி, நண்பரிடம் கேட்பது.

தேர்வுத் தாளில் இருந்த வாசகம்

இறுதித் தேர்வின் அறிவுறுத்தல் சுருக்கமானது. புத்தகம் பார்த்து எழுதலாம், குறிப்புகளைப் பார்க்கலாம், இணையத்தைப் பார்க்கலாம், முதலியன. முழுவதும் திறந்த தேர்வு என்று முதல் வாக்கியம் சொன்னது. மற்ற எல்லா வகையிலும் வகுப்பறைத் தேர்வுக்குரிய நெறிகளைப் போன்றவையே இதற்கும் பொருந்தும் என்றது அடுத்த வாக்கியம். குறிப்பாக, தேர்வைப் பற்றி மாணவர்கள் பிறரோடு கலந்து பேசக் கூடாது. விடுதியில் தங்கி வழிகாட்டுவோர், எழுத்துப் பயிற்சி மையத்தினர் முதலியோரும் இதில் அடங்குவர் என்று முடிந்தது.

விதியாக எடுத்துக்கொண்டால் இதில் ஐயத்துக்கு இடமில்லை என்று சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வது பெருமளவுக்குச் சரி. பேசக் கூடாது என்றால் பேசக் கூடாதுதான். ஆனாலும் இதை மூன்று முறை படித்துப் பார்த்தால் சில இடங்கள் தடுக்குகின்றன. அனுமதியும் ‘முதலியன’ என்று முடிகிறது, தடையும் ‘முதலியோர்’ என்று முடிகிறது. இரண்டுக்கும் நடுவில் எல்லை எங்கே என்பதை மாணவரே போட்டுக்கொள்ள வேண்டும். நண்பரும் நானும் சேர்ந்து தயாரித்த குறிப்புத் தொகுப்பு என் கைவசம் இருக்கிறது. அதைப் பார்ப்பது குறிப்புகளைப் பார்ப்பதாகுமா, நண்பரோடு பேசுவதாகுமா? தேர்வு கைக்கு வந்த பிறகு அந்தத் தொகுப்பில் அவர் ஒரு பத்தியைச் சேர்த்திருந்தால்? வகுப்பறைத் தேர்வில் புத்தகமும் இணையமும் பார்க்க முடியாது. அப்படியிருக்க, அதன் நெறிகளைப் ‘போன்றவை’ இதற்கும் பொருந்தும் என்றால் எவை பொருந்தும்? இன்னும் முக்கியமாக, தடை செய்யப்பட்டோரில் விடுதி வழிகாட்டிகள் வருகிறார்கள். பாடத்தின் சொந்த உதவியாளர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

உதவியாளர்கள் விஷயத்தில்தான் நடைமுறை மிகவும் சிக்கியது. தேர்வு நடந்துகொண்டிருந்தபோதே சில உதவியாளர்கள் தங்களைத் தேடிவந்த மாணவர்களுக்குக் கேள்விகளின் பொருளையும் பழக்கமில்லாத சொற்களையும் விளக்கினார்கள் என்றும், சில உதவியாளர்கள் அப்படிச் செய்யவில்லை என்றும் மாணவர்கள் சொன்னார்கள். ஓர் உதவியாளரின் விளக்கத்தை ஒரே நேரத்தில் கேட்ட பலரும் அறைக்குத் திரும்பி ஒரே மாதிரியான விடையை எழுதியிருப்பார்கள். மாணவர் விதியை மீறினாரா என்பதற்கு முன், ஒரே பாடத்தின் உதவியாளர்கள் தங்களுக்குள் ஒரே விதியை வைத்திருந்தார்களா என்ற கேள்வி எழுகிறது. எதிர்பார்ப்பு என்பது மாணவருக்கு மட்டும் எழுதித் தருவதன்று. பாடம் நடத்தும் குழுவுக்கும் அதே தாளில் எழுதித் தரப்பட வேண்டியது.

பாடத்துக்கு வெளியே, கல்லூரியின் மாணவர் கையேட்டில் ஒரு பொது விதியும் இருந்தது. கூட்டாக உழைப்பதற்கான அனுமதி பாடத்துக்குப் பாடம் மாறும். ஆசிரியர் வெளிப்படையாக அனுமதிக்காத வரை அது தடை செய்யப்பட்டதாகவே மாணவர் கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். சட்டமாக இது இறுக்கமானது. நடைமுறையில், ஒருவர் கையேட்டை வாசிப்பது கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்தில். நண்பர்களோடு எப்படிப் படிப்பது என்பதைக் கற்றுக்கொள்வது அடுத்து வரும் ஒவ்வொரு வாரத்திலும்.

விசாரணையும் முடிவும்

மே மாதத்தில் விடைத்தாள்களைத் திருத்தும்போது ஓர் உதவியாளரின் கண்ணில் ஒற்றுமைகள் பட்டன. சில தாள்களில் சொல்லுக்குச் சொல் ஒரே தொடர்கள். ‘22,500’ என்ற எண்ணில் காற்புள்ளிக்குப் பின் தேவையில்லாத ஓர் இடைவெளி; அதே இடைவெளி வேறு தாள்களிலும். ஒரே குறிப்பைப் படித்ததால் கருத்து ஒன்றாக இருக்கலாம், ஒரே உதவியாளரிடம் கேட்டதால் எடுத்துக்காட்டு ஒன்றாக இருக்கலாம். தட்டச்சில் விழுந்த வெற்றிடம் ஒன்றாக இருக்க வேண்டுமானால், எழுத்தே கைமாறியிருக்க வேண்டும். குழப்பமான விதியைக் காட்டி மாணவர் பக்கம் வாதாட வருபவர், இந்த இடைவெளிக்கு மட்டும் பதில் சொல்ல முடியாமல் நிற்பார்.

ஆசிரியர் சில தாள்களை, ஒழுங்கு வழக்குகளை விசாரிக்கும் கல்லூரியின் நிர்வாகக் குழுவின் பார்வைக்குக் கொண்டுசென்றார். குழு கோடைக்காலம் முழுவதும் எல்லா இறுதித் தேர்வுத் தாள்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டது. சந்தேகம் 125 பேர் வரை விரிந்தது அப்போதுதான். ஒவ்வொரு மாணவரின் வழக்கும் தனித்தனியாக விசாரிக்கப்பட்டதால் இலையுதிர்கால செமஸ்டர் முழுவதும் அது இழுத்துக்கொண்டு போயிற்று. படிப்பைத் தொடர்வதா, தாமே விலகி நிற்பதா என்று தெரியாத நிலையில் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2013 பிப்ரவரி 1 அன்று கலை, அறிவியல் புலத்தின் தலைவர் மைக்கேல் ஸ்மித் முடிவை அறிவித்தார்: பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஒரு காலத்துக்குக் கல்லூரியை விட்டு விலகியிருக்க வேண்டும், மீதமுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒழுங்கு நடவடிக்கையின் கீழ்க் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்கள், எஞ்சியோர் மீது நடவடிக்கை இல்லை. விலக வேண்டியவர்கள் 70 பேர் அளவில் என்று கணக்கிடப்பட்டது.

இந்த மூன்று அடுக்கு முடிவே பலவற்றைச் சொல்கிறது. ஒரே தாள், ஒரே வாசகம், ஒரே வாரம். ஆனாலும் நுணுக்கமாகப் பார்த்த குழு ஒன்று, சிலர் எல்லையைத் தெளிவாகத் தாண்டினார்கள், சிலர் எல்லைமேல் நின்றார்கள், சிலர் தாண்டவே இல்லை என்று பிரிக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரிவினையை எட்டு மாதம் கழித்து விசாரணை மேசையில் போட்டதற்குப் பதிலாக, ஜனவரி மாதத்து வகுப்பில் இரண்டு எடுத்துக்காட்டுகளோடு போட்டுக் காட்டியிருக்கலாம்.

இடையில் நடந்த ஒன்றை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. விசாரணை பற்றிய உள் மின்னஞ்சல் ஒன்று வெளியே கசிந்தபோது, அது யாரால் கசிந்தது என்று அறிய, விடுதிகளில் பொறுப்பு வகித்த 16 அலுவலர்களின் கணக்குகளை நிர்வாகம் அவர்களுக்குத் தெரிவிக்காமல் தேடிப் பார்த்தது. 2013 மார்ச்சில் இது செய்தியானபோது, ஆசிரியர்களின் மின்னஞ்சலைத் தேடினால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இவர்களுக்கும் பொருந்துமா, இவர்கள் ஆசிரியர்களா நிர்வாகிகளா என்ற சர்ச்சை எழுந்தது. கல்லூரித் தலைவர் எவலின் ஹாமண்ட்ஸ் அந்தக் கோடையில் பதவியிலிருந்து விலகினார். எழுதிய விதி யாருக்கு எந்த அளவில் பொருந்தும் என்பதை முன்கூட்டியே பேசி வைக்காத குறையை, மாணவரை விசாரித்த அதே நிர்வாகமும் பகிர்ந்துகொண்டது.

பொறுப்பைப் பிரித்துப் பார்த்தால்

இந்த நிகழ்வில் ஆசிரியரின் தவறு மாணவரின் தவறை அழிப்பதில்லை. பேசக் கூடாது என்று எழுதியிருந்த தாளை வைத்துக்கொண்டு இன்னொருவரின் பத்தியை ஒட்டியவர், பாடம் எளிது என்று சொன்னார்கள் என்பதைக் காரணமாகக் காட்ட முடியாது. அதைத் தாண்டி, நடுவில் நின்ற பலர் விஷயத்தில் பாடத்தின் அமைப்பே பெரும்பங்கு வகித்தது என்பது என் கணிப்பு.

மாணவர் தன்னிடமிருந்து எதிர்பார்க்கப்படுவதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எல்லா அறிமுகத் தாள்களும் சொல்கின்றன. ஆசிரியர் தன்னிடமிருந்து மாணவர் எதை எதிர்பார்க்கலாம் என்று எழுதுவது அரிது. ‘கவர்ன்மென்ட் 1310’ போன்ற பாடத்தில் அதுதான் தேவைப்பட்டது: தேர்வு நடக்கும் நாள்களில் கேள்வியின் பொருள் புரியாவிட்டால் யாரிடம், எந்த வழியாகக் கேட்பது, கேட்டதற்கான பதில் எல்லா மாணவருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேருமா, உதவியாளர்கள் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, சென்ற ஆண்டைவிடத் தேர்வு கடினமாக இருந்தால் அதை எப்போது அறிவிப்பார். வகுப்புக்கு வராவிட்டாலும் பரவாயில்லை என்பதும் ஓர் எதிர்பார்ப்புதான். அதை அறிவிக்கும் ஆசிரியர், அதன் விளைவாகக் குறிப்புகள் கைமாறும் என்பதையும் சேர்த்தே எழுதி, எது வரைக்கும் கைமாறலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தேர்வு கையில் கிடைக்கும் நிமிடம் வரை எல்லாவற்றையும் பகிரலாம், அந்த நிமிடத்திலிருந்து புதிதாக எழுதும் எதையும் பகிரக் கூடாது என்ற ஒற்றை வாக்கியம் தேர்வு அறிவுறுத்தலில் இருந்திருந்தால், நடுவில் நின்றவர்களில் பலருக்குத் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்திருக்கும்.

அதன் பிறகு

ஹார்வர்ட் 2014 மே மாதம் ஒரு நேர்மை உறுதிமொழிக்கு ஒப்புதல் அளித்து, 2015 இலையுதிர்காலத்திலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து அமரும் நேர்மைக் குழு என்ற தனிக்குழு ஒன்று இத்தகைய வழக்குகளை ஏற்றது. நல்ல ஏற்பாடு, ஆனால் அது மீண்டும் கல்லூரி அளவிலான பொது வாசகம். பாடத்தின் அளவில் என்ன செய்யலாம் என்பதற்கு அதே வளாகத்தில் வேறோர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

டேவிட் மாலன் நடத்தும் கணினி அறிவியல் அறிமுகப் பாடமான ‘சிஎஸ்50’, நியாயமாக நடந்துகொள்ளுங்கள் என்ற பொது வாக்கியத்தோடு நிறுத்தாமல், நியாயமானவை, நியாயமல்லாதவை என்று இரண்டு பட்டியல்களைத் தன் அறிமுகத் தாளிலேயே தருகிறது. உதவி கேட்கும்போது உங்கள் நிரலைப் பிறருக்குக் காட்டலாம், அவர்களுடையதை நீங்கள் பார்க்கக் கூடாது என்ற வரம்பு, எந்த மாணவரும் நள்ளிரவில் நினைவுக்குக் கொண்டுவரக்கூடியது. 2014-இல் அதோடு இன்னொரு விதி சேர்ந்தது: தவறு செய்த மாணவர் 72 மணி நேரத்துக்குள் தாமே வந்து சொன்னால், அந்தப் பணிக்கு மதிப்பெண் போகலாம், ஆனால் வழக்கமான சூழலில் விவகாரம் கல்லூரியின் ஒழுங்குக் குழுவுக்கு அனுப்பப்படாது. தவறுவோர் இருப்பார்கள் என்பதைப் பாடத்தின் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டு, அப்போது ஆசிரியர் எப்படி நடந்துகொள்வார் என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

இத்தனை தெளிவுக்குப் பிறகும் 2016 இலையுதிர்காலத்தில் அந்தப் பாடத்தை எடுத்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் நேர்மைக் குழுவின் முன் நிற்க வேண்டியிருந்தது. எழுதிவைத்தால் முறைகேடு ஒழியும் என்று எண்ணுவோர் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். வேறுபாடு இன்னொன்றில் இருக்கிறது: அங்கே நின்றவர்களுக்கு, எனக்கு விதி புரியவில்லை என்று சொல்வதற்கான இடம் மிகக் குறைவு.

2023 கோடையில், உரையாடும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் மாணவர் கைக்கு வந்துவிட்ட நிலையில், ஹார்வர்டின் கலை, அறிவியல் புலம் ஆசிரியர்களுக்கு மூன்று மாதிரி வாசகங்களைத் தந்தது: ஒன்று முழுத் தடை, ஒன்று முழு ஊக்கம், ஒன்று இரண்டும் கலந்தது. எதைத் தேர்ந்தாலும் அறிமுகத் தாளில் அது இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2012-இன் அந்தத் தேர்வுத் தாள் இன்று அப்படியே விநியோகிக்கப்பட்டால், மென்பொருளிடம் கேட்பது இணையத்தைப் பார்ப்பதா, பிறரோடு கலந்து பேசுவதா என்று முதல் நாளே ஒரு மாணவர் கேட்பார். தாளில் அதற்கு விடை இருக்காது. ‘சிஎஸ்50’ இந்தக் கேள்விக்கும் ஒரு வரியில் பதில் எழுதி வைத்திருக்கிறது: பாடமே உருவாக்கித் தரும் உதவி மென்பொருளைப் பயன்படுத்தலாம், சாட்ஜிபிடி போன்ற பிறவற்றைக் கொண்டு விடை எழுதக் கூடாது.